வீடு வீடாகப் போன வாத்தியார்கள்

பள்ளி வரலாறு எழுத உட்கார்ந்தால் கட்டடங்களும் தேர்ச்சி விழுக்காடும் வந்துவிடுகின்றன. ஆசிரியர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊர்க் கணக்கு எடுத்தது மட்டும் விட்டுப்போகிறது. 1881 முதல் 2011 வரை தவறாமல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் பக்கத்துக் கிராமங்களில் கதவைத் தட்டியவர்களில் பலர் வாத்தியார்கள்தாம்.

நான் கணக்கெடுக்கப் போனது 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. மிளகாய் பறிப்புக் காலம். பகலில் பெண்கள் காட்டில் இருப்பார்கள். பொழுது சாய்ந்துதான் போவேன். களத்து மிளகாய் நெடி தொண்டையைக் கமறும். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் மருமகளைக் காட்டி, "அதுக்கு எழுத்துத் தெரியாது சார், அப்படியே போட்டுக்கங்க" என்றார். நிலைப்படியில் நின்றவளிடம், "நீ சொல்லும்மா" என்றேன். பேசாமல் உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து, வீட்டார் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். என் பேனாவை வாங்கித் துண்டுத்தாளில் எழுதியும் காட்டினாள். ஐந்தாம் வகுப்பு வரை போனவளாம்.

மாமியாருக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஏழு வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு உள்ளவர் என்பது விதி. அந்தம்மாவுக்கு 'இல்லை' என்று குறிக்க மனசு வரவில்லை. குறித்தேன்.

மாவட்டக் கணக்கு வந்தது. 2001-இல் 11,87,604 ஆக இருந்த மக்கள்தொகை 13,53,445 ஆகியிருந்தது. எழுத்தறிவு ஆண்களில் 87.81 விழுக்காடு, பெண்களில் 73.52. ஆயிரம் ஆண்களுக்கு 1,036 பெண்கள் என்றிருந்தது 983 ஆகிவிட்டது. அந்த 1,036-ஐ நினைத்து நாம் பெருமைப்பட்டதே சரியில்லை என்பேன். கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க வெளியூரில் இருப்பவர் வீட்டுக் கணக்கில் வரமாட்டார். வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன ஆண்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆறு வயது வரையிலான பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள்: 2011-இல் ஆயிரம் பையன்களுக்கு 961 பெண் பிள்ளைகள். வயிற்றைப் பிசைகிற எண் அதுதான்.

2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. இம்முறை கைபேசியில். வீட்டாரே பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். கைபேசி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்வார். போகிற இளைய ஆசிரியர்கள் தயவுசெய்து அடுப்படிப் பக்கமும் ஒரு குரல் கொடுத்துக் கேளுங்கள்.