பழைய வான்களுக்கான எரிபொருள் தரம் (வன்னி)

மல்லாவி போன்ற வன்னி ஊர்களில் இன்னும் ஓடும் பழைய பெற்றோல் வான்களுக்கு எந்தத் தர எரிபொருள் ஏற்றது என்பதை அவற்றின் அமுக்க விகிதமே தீர்மானிக்கிறது, விலை அல்ல. ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியைக் குறிப்பதில்லை. சிலிண்டருக்குள் அமுக்கமும் வெப்பமும் ஏறும்போது, தீச்சுவாலை வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அது சொல்கிறது. 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் முன்வைத்த அளவுகோலில் ஐசோ-ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. தாக்குப்பிடிக்காத எரிபொருள் எஞ்சினைத் தட்டவைக்கும். சுமையேற்றிய வான் வேகமெடுக்கையில் அந்தத் தட்டல் கேட்கும். அது நீடித்தால் பிஸ்ரன் பழுதாகும். தட்டாத எஞ்சினுக்கு அதற்கு மேற்பட்ட ஒக்டேன் கொடுப்பதால் பயன் எதுவுமில்லை.

இது வன்னியில் பாடப்புத்தகத்துக்கு வெளியே, வேறு வழியில்லாமல் சோதித்துப் பார்க்கப்பட்ட விடயம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோலும் டீசலும் செல்வதை அரசாங்கம் தடைசெய்தது. 1996 இல் கிளிநொச்சி படையினர் வசமானபின் இடம்பெயர்ந்த மக்களும் அலுவலகங்களும் மல்லாவிப் பக்கம் குவிந்த காலத்திலும், 2002 தொடக்கத்தில் தடை தளரும்வரையிலும், வாகனங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலினதை விட மிகத் தாழ்ந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகவும் மாட்டாது. எனவே காபிரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இதற்கு ஈடுகொடுத்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய பிரித்தானிய கார்கள். காரணம் எளிது. 1953 வரை பிரித்தானியாவில் விற்கப்பட்ட 'பூல்' பெற்றோலே 70 சொச்ச ஒக்டேன் கொண்டது. அதற்கேற்ப அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7 அளவில் வைக்கப்பட்டிருந்தது. கிழடு என்று ஒதுக்கப்பட்ட கார்கள் தடைக்காலத்தில் மதிப்புப் பெற்றதற்கு இதுவே அடிப்படை.

அப்படியானால் பழைய எஞ்சின் எதையும் எரிக்கும் என்று வாதிடலாம். அந்த வாதம் பொருந்தாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ரிங்குகளும் பேரிங்குகளும் தேயும். ஓடியது உண்மை, தேய்ந்ததும் உண்மை. எதிர்முனையிலிருந்து வரும் வாதம், பழைய எஞ்சினுக்கு 95 ஒக்டேனே பாதுகாப்பு என்பது. வன்னியிலுள்ள பெற்றோல் வான்களில் பல, ஜப்பானில் ஓடியபின் இறக்குமதியானவை. ஜப்பானியத் தரநிர்ணயத்தின்படி அங்குள்ள சாதாரண பெற்றோலுக்குக் குறைந்தபட்ச ஒக்டேன் 89. அதற்கென வடிவமைத்த, அமுக்க விகிதம் 9 அளவிலுள்ள லைற்ஏஸ் போன்ற வானுக்கு 92 போதும். மீதிப் பணத்தை பிளக் மாற்றச் செலவிடலாம். கரி படிந்த எஞ்சினுக்குக் கூடுதல் ஒக்டேன் தேவைப்படும் என்பது மெய்தான். ஆனால் அதற்குச் சரியான மருந்து கரியை அகற்றித் தீப்பொறி நேரத்தைச் சீராக்குவது. 95 அடிப்பது நோயை மறைக்கும். ஈயம் நீக்கிய பெற்றோல் வால்வு இருக்கைகளைத் தேய்க்கும் என்ற அச்சமும் உண்டு. தடை தளர்ந்த அதே 2002 இல்தான் இலங்கையில் ஈயப் பெற்றோல் கைவிடப்பட்டது. அச்சம் பிரித்தானிய கார்களுக்குப் பொருந்தும். 1975 முதல் சாதாரண பெற்றோலில் ஈயத்தைக் கைவிட்ட ஜப்பானின் வான்களுக்கு அன்று.

டீசல் வான்களில் ஒக்டேனுக்கு இடமில்லை. விரைவாகப் பற்றும் தன்மையைக் காட்டும் சீற்றேன் எண்ணே முக்கியம். 'டொல்பின்' எனப்படும் பழைய ஹையேஸின் பம்ப் முழுக்க இயந்திர வகை. கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அதற்கு அவசியமில்லை. ஓட்டோ டீசல் போதும். சுப்பர் டீசல் கட்டாயமாவது உயர் அழுத்தக் கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு. மண்ணெண்ணெய் கலப்பதுதான் உண்மையான கேடு: டீசலே பம்புக்கு ஒயிலாகவும் இருப்பதால், மெலிந்த கலவை அதை அரிக்கும். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபின் அந்தக் கலப்படத்தின் கவர்ச்சி குறைந்தது.

தற்போது இலங்கையில் 92, 95 ஆகிய பெற்றோல் தரங்களும் ஓட்டோ, சுப்பர் டீசல்களும் விற்பனையாகின்றன. பெற்றோலியக் கூட்டுத்தாபனம், லங்கா ஐஓசி ஆகியவற்றோடு 2023 இல் சினோபெக்கும் சில்லறை விற்பனையில் இறங்கியது.