கையை அசைக்கும் இடம் எது?

வலது கையைத் தூக்க நினைத்தால், கட்டளை கிளம்புவது மூளையின் இடது பக்கத்திலிருந்து! அங்கிருந்து வரும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் அடியில் எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடம் வழியே இறங்குகின்றன. இன்று இது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது.

மூளையின் மேற்பரப்பான புறணிக்கும் உடல் அசைவுக்கும் நேரடித் தொடர்பில்லை என்றே அறிஞர்கள் பலரும் நம்பியிருந்தார்கள். 1870-இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் புறணியில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். ஓரிடத்தில் தொட்டால் எதிர்ப்பக்க முன்னங்கால் துடித்தது. வேறிடத்தில் தொட்டால் பின்னங்கால்! இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் குரங்குகளிடமும் இதைச் செய்து, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடமே போட்டார்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1881 ஆகஸ்டில் லண்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு நாயைக் கொண்டுவந்தார். புறணியின் பெரும்பகுதியை எடுத்தும் அது ஓடியாடியது. பதிலுக்கு ஃபெரியர் ஒரு குரங்கைக் காட்டினார். இடப்பக்க அசைவுப் பகுதி நீக்கப்பட்ட அதற்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன. பிரான்சின் புகழ்பெற்ற மருத்துவர் சார்கோ, பக்கவாத நோயாளியைப் போலவே இருக்கிறதே என்று வியந்தார். பின்னர் இரண்டு விலங்குகளின் மூளைகளையும் ஒரு குழு ஆராய்ந்தது. கோல்ட்ஸ் நினைத்ததைவிட அதிகப் பகுதி நாயின் மூளையில் மிச்சமிருந்தது. வென்றவர் ஃபெரியர்.

அதே நவம்பரில் அவர் நீதிமன்றம் ஏறினார். உரிமமின்றி விலங்குகளை அறுத்ததாக விலங்குவதை எதிர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அறுவை செய்தவர் உரிமம் பெற்றிருந்த சக ஆய்வாளர் ஜெரால்ட் இயோ என்று தெரிந்ததும் வழக்கு தள்ளுபடியானது.

1884 நவம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு 25 வயது இளைஞர் ஒருவர் வந்தார். இடது கை செயலிழந்திருந்தது, வலிப்பும் இருந்தது. தலைக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. வலப்பக்கம் கையை அசைக்கும் இடத்தில்தான் கட்டி என்று மருத்துவர் பென்னட் கணித்தார். காட்லி மண்டையோட்டைத் திறந்தார். சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது!

வலிப்பு நின்றது. ஆனால் கிருமித்தொற்றால் சுமார் ஒரு மாதத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார். இருந்தாலும் வழி திறந்துவிட்டது. இன்றும் அசைவுப் பகுதிக்கு அருகில் கட்டியை எடுக்கும்போது, மெல்லிய மின்சாரம் கொடுத்து எந்த உறுப்பு துடிக்கிறது என்று பார்த்த பிறகே கத்தி வைக்கிறார்கள். அந்த நாயையும் குரங்கையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிழைத்துவரும் ஒவ்வொரு நோயாளியும் அவற்றுக்கும் கடன்பட்டவர்தான்.