ஒரே பாட்டு, எந்த இசைத்தட்டு?

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு எந்தப் பதிவு சிறந்தது? மேற்கத்திய இசைப் பிரியர்கள் இதற்காக மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஒருவர் ஃபுர்ட்வாங்லர் என்பார், இன்னொருவர் டாஸ்கனினி என்பார். 1974-ல் கார்லோஸ் கிளைபர் வியன்னாவில் செய்த பதிவை மிஞ்ச ஆளில்லை என்பார் மூன்றாமவர். ஆனால் மூன்று பேருக்கும் அடிப்படை பீத்தோவன் எழுதிவைத்த இசைக்குறிப்புதான். வேகம், அழுத்தம் என்று அதற்குள்ளேதான் சண்டை.

திருவாரூரில் பிறந்த தியாகராஜர் (1767-1847), முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) பாட்டுகளில் கதையே வேறு. எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877-ல். இவர்கள் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. பாட்டு சீடர்கள் வாய்வழியாகவே வந்தது. தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-ல் வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் (1902) கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனில் பாடியிருந்தார். நூலும் தட்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஜெயித்தது தட்டு!

'வாதாபி கணபதிம்' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஜி.என்.பி. ரசிகர்களுக்கு அது பிருகா பறக்கும் பாட்டு. எம்.டி.ராமநாதன் ரசிகர்களுக்கோ ஆற அமர, அடிக்குரலில் நகரும் பாட்டு. இரண்டு கட்சிக்கும் சமாதானம் கிடையாது. ஆனால் இன்று மேடையில் கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகள் சுப்பராம தீட்சிதர் நூலில் இல்லை. அவை மகா வைத்தியநாத அய்யர் சேர்த்தவை என்பார்கள்.

இதைவிடச் சுவையான வழக்கு 'நகுமோமு'. தியாகராஜரின் இந்த ஆபேரி கீர்த்தனையை ஊரெங்கும் கொண்டுபோனது முசிறி சுப்பிரமணிய அய்யரின் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அந்தக் காலத் தட்டு. அதில் தைவதம் (ஸ, ரி, க, ம, ப, த, நி-யில் 'த') சதுஸ்ருதி, அதாவது சற்று மேலே நிற்கும். தீட்சிதரின் ஆபேரியான 'வீணாபேரி'யிலோ அது சுத்த தைவதம், கொஞ்சம் கீழே. ஒரே ஊரில் பிறந்த இருவர், ஒரே ராகப் பெயர், ஆனால் இரண்டு உருவம்! பழைய ஆபேரி சுத்த தைவதமே என்று இசை ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

சரி, முசிறி பாடியது தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. அவருக்குப் பின் வந்த பெரிய வித்வான்கள் பலரும் அந்த வழியில்தான் பாடினார்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் நகுமோமுவும் சதுஸ்ருதி தைவதம்தான். முசிறியா பாலமுரளியா என்று ரசிகர்கள் வாதாடும்போது அந்தத் தைவதம் பேச்சிலேயே வருவதில்லை. இன்று ஒருவர் அதே பாட்டைச் சுத்த தைவதத்தில் பாடினால், பழைய முறைதான் என்று தெரிந்தவர்களுக்குக்கூட வேறு ஏதோ ராகம் போலத்தான் கேட்கிறது.