கேட்காமல் விட்ட கேள்வி

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பேத்தி ஒரு மாயாஜாலக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் முதல் நாற்பது பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். பறக்கும் குதிரை, பேசும் மலை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கதாநாயகன்தான் உறுத்தினான். அழகன், வீரன், பொய்யே சொல்லாதவன், எதிலும் தோற்காதவன்.

"மலை பேசுவதை நம்பிவிட்டேன் கண்ணு, இந்தப் பையனைத்தான் நம்ப முடியவில்லை" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ என்ன கெட்ட பழக்கம் வைக்கிறது தாத்தா? சிகரெட்டா?" என்றாள்.

அன்று அவளுக்கு நான் சொன்ன எண்ணூறு வருஷத்துப் பழைய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'லகார்த் எ மிஷார்' என்ற இலக்கியப் பாடநூல் நினைவிருக்கும். அதில் மத்திய காலத்துக்கென்றே தனிப் புத்தகம். முதலில் வருவது ரோலான் காவியம். 778-இல் ரோன்ஸ்வோ கணவாயில் நடந்த ஒரு தோல்வியை வைத்து, 1100 வாக்கில் எழுந்த பாட்டு. நண்பன் ஒலிவியே மூன்று முறை கெஞ்சியும், உதவி கேட்டுக் கொம்பு ஊதுவது கௌரவக் குறைவு என்று ரோலான் மறுத்துவிடுகிறான். 20,000 பேரும் மாண்டு போகிறார்கள். வீரம் எதுவோ அதுவே அவனுடைய குறையும் ஆகிறது. ஆனால் ரோலான் கடைசி வரை தன் தவறை முழுதாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. தவறை உணர்ந்து, அதைச் சுமந்துகொண்டு திரியும் நாயகனைப் படைத்தவர், அடுத்த நூற்றாண்டில் வந்த கிரெத்தியான் த த்ருவா.

இவர் ஷம்பாஞ் சீமாட்டி மரியின் ஆதரவில் எழுதியவர். ஆர்தர் ராஜா, மாய நீரூற்று, வாள்பாலம் எல்லாம் இவர் கதைகளில் வரும். நாயகர்கள் எல்லோரும் 'செவாலியே'க்கள். சிவாஜி கணேசனுக்குக் கிடைத்த விருதால் நமக்குப் பழகிய அதே சொல்தான். குதிரைவீரன் என்று பொருள்.

இவருடைய இவேன், ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துப் போய், பந்தயப் போர்களின் உற்சாகத்தில் தேதியை மறந்துவிடுகிறான். பிறகு பைத்தியம் பிடித்துக் காட்டில் அலைகிறான். லான்ஸ்லோவின் குறை இன்னும் சிறியது. கடத்தப்பட்ட அரசியைத் தேடிப் போகும்போது, குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறினால் அவளைப் பற்றித் துப்புச் சொல்வதாக ஒரு குள்ளன் சொல்கிறான். லான்ஸ்லோ இரண்டு அடி தூரம் தயங்கிவிட்டுத்தான் ஏறுகிறான். உயிரைப் பணயம் வைத்து அரசியை மீட்ட பிறகு, அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இழிந்த வண்டியில் ஏறியதற்காகக் கோபம் என்று இவன் நினைக்கிறான். இல்லை, அந்த இரண்டு அடி தயங்கியதற்காம்!

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவன் பெர்ஸ்வால்தான்.

கணவனையும் மூத்த பிள்ளைகள் இருவரையும் இழந்த தாய், கடைசி மகனைக் காட்டில் ஒளித்து வளர்க்கிறாள். செவாலியே என்ற சொல்லே காதில் விழாமல் வளர்ந்தவன், ஒருநாள் கவசம் மின்ன வந்த ஐந்து பேரைப் பார்த்துத் தேவதூதர்கள் என்று நினைக்கிறான். உடனே தானும் கிளம்புகிறான். பாலத்தருகே தாய் மயங்கி விழுவதைத் திரும்பிப் பார்க்கிறான். பார்த்தும், குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

தாய் சொன்ன புத்திமதியை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, கூடாரத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் வலுவில் முத்தமும் மோதிரமும் பறிக்கிறான். அதற்காக அவளுடைய காதலன் அவளைக் கந்தல் உடையில் அலைக்கழிக்கிறான். கிரெத்தியான் இதை மறக்கவில்லை. பின்னால் அந்தப் பெண்ணையே பெர்ஸ்வாலின் எதிரில் கொண்டுவந்து நிறுத்துகிறார். கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

பிறகு கொர்னமான் என்ற பெரியவர் அவனுக்குப் போர்வித்தை கற்றுக்கொடுத்து, அதிகம் பேசாதே என்றும் சொல்லி அனுப்புகிறார். காயம்பட்டு நடக்க முடியாத மீனவ அரசனின் கோட்டையில் பெர்ஸ்வால் விருந்துண்ணும்போது, இரத்தம் சொட்டும் ஈட்டி ஒன்று எதிரே போகிறது. ஒளிவீசும் கிரால் என்ற பாத்திரத்தை ஏந்தி ஒரு பெண் போகிறாள். ஈட்டியில் ஏன் இரத்தம், பாத்திரம் யாருக்குப் போகிறது என்று கேட்க நாக்கு துடிக்கிறது. பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்கிறான். விடிந்தால் கோட்டையில் ஆளே இல்லை. கேட்டிருந்தால் அரசன் குணமாகியிருப்பான் என்று வழியில் சந்திக்கும் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிகிறது. தாய் அன்றே இறந்துபோனதையும் அவளே சொல்கிறாள்.

அதுவரை கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது. அந்தப் பெண் கேட்கும்போதுதான் தன் பெயரை ஊகித்துச் சொல்கிறான். தவறு தெரிய வரும் நேரத்தில்தான் பெயரும் வருகிறது.

பள்ளியில் மிசியே இதை நடத்தியபோது, ஒரு கேள்வி கேட்காததற்கு இவ்வளவு தண்டனையா என்று நாங்கள் சிரித்தோம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், சீனியர் ஒருவர் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி. நீயா போய் எதையும் கேட்காதே." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். குடும்ப ஓய்வூதியம் பார்க்கும் பிரிவில் நான் இருந்த காலத்தில், ஒரு வயதான அம்மாள் வராண்டா பெஞ்சில் வந்து உட்காருவார். கையில் ஒரு மஞ்சள் பை. யாரையும் எதுவும் கேட்க மாட்டார். சாயங்காலம் எழுந்து போய்விடுவார். பத்துப் பதினைந்து நாள் அவரைத் தாண்டித்தான் டீக்கு போனேன், வந்தேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பிறகு அவர் வருவது நின்றுவிட்டது. சில மாதம் கழித்து அலமாரியை ஒழித்தபோது, அவருடைய கோப்பு என் கட்டிலேயே இருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆணை போட்டு அனுப்பினோம். தபால் திரும்பி வந்தது.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது, அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெர்ஸ்வால் திரும்பிப் போய்க் கேட்டானா தாத்தா?" என்றாள்.

கிரெத்தியான் அதை எழுதவில்லை. ஐந்து வருஷம் தெய்வத்தையே மறந்து திரிந்தவனை, ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று துறவியான தாய்மாமனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். தாயை அப்படி விட்டு வந்த பாவம்தான் அன்று உன் நாக்கைக் கட்டியது என்கிறார் மாமன். அதோடு பெர்ஸ்வால் கதையிலிருந்து மறைகிறான். கதை சுமார் 9,000 வரிகளில், வேறொரு வீரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிற்கிறது. ஆசிரியரை மரணம் தடுத்துவிட்டது என்று பின்னால் வந்த ஜெர்பேர் என்ற கவி எழுதியிருக்கிறார். நான்கு பேர் ஆளுக்கொரு தொடர்ச்சி எழுதிப் பார்த்தார்கள்.

பேத்தியின் புதுப் பக்கங்கள் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு நாயகனின் பெயரை மட்டும் அடித்துவிட்டாளாம்.