முசிறி வாணிகமும் மூன்று எண்களும்

இரு நாடுகளிடை நிகழ்ந்த வாணிகத்தின் அளவைக் கணிப்பார்க்குச் சுங்கக் கணக்கே தலையாய சான்றாகும். அது முழுமையாகக் கிடையாதவழி, எஞ்சிய சில எண்களைக் கொண்டு எவ்வளவு துணிந்து கூறலாம் என்பதை முசிறி வாணிகத்தின் வழி ஆராய்வாம்.

எண்கள் மூன்று உள. அகசுடசு காலத்தில் மியோசு ஓர்மோசுத் துறையினின்று 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றன என்பர் இசுட்ராபோ. ஆண்டுதோறும் உரோமச் செல்வத்தில் 5 கோடி செசுடர்சுக்குக் குறையாது இந்தியா ஈர்த்தது என்பர் கி.பி. 77 அளவில் நூல் முடித்த பிளினி. மூன்றாவது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்ததும் 1985இல் பதிப்பிக்கப்பெற்றதுமான வியன்னா பாப்பிரசு ஏடு. எர்மப்பொல்லோன் என்னும் கலத்தின் சரக்கு மதிப்பாக அதிற் காணும் தொகை 1,154 தாலந்தும் 2,852 திரக்மாவும். தாலந்து ஒன்றுக்குத் திரக்மா 6,000 ஆதலின், இது 69,26,852 திரக்மா. எகிப்தியத் திரக்மா ஏறத்தாழ ஒரு செசுடர்சுக்கு நிகராகும்.

இத்தொகையை 120ஆற் பெருக்கின் 83 கோடி வரும். அது பிளினி கூறும் தொகையினும் பதினாறு மடங்கிற்கு மேற்பட்டது. இம்முரணுக்குச் சான்றுகளைக் குறை கூறுதல் பொருந்தாது; பெருக்கலே பிழை. முதலாவதாக, இவை ஒரே காலத்தன அல்ல. இசுட்ராபோவின் எண்ணுக்கும் ஏட்டிற்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இரண்டாவதாக, பிளினி கூறுவது வெளிச்சென்ற செல்வம். ஏடு கூறுவது எகிப்தில் இடப்பெற்ற மதிப்பு. வாங்கிய விலையினும் நூறு மடங்கிற்குப் பொருள்கள் விற்கப்பட்டன எனப் பிளினியே கூறுதலின், இரண்டும் ஒன்றாகா. மூன்றாவதாக, 120 கலங்களும் முசிறிக்கே சென்றன என்பதற்கோ, எல்லாம் ஒத்த சரக்கின என்பதற்கோ சான்றில்லை.

பொருளியலார் தின்பெர்கன் 1962இல் வாணிக அளவை நாடுகளின் பொருள்வளத்தோடும் இடைத்தொலைவோடும் இயைத்துக் கணித்தார். அம்முறைக்கு இரு நாடுகளின் மொத்த வருவாயும் தெரிதல் வேண்டும். சேரநாட்டு வருவாய்க் கணக்கு நம்மிடம் இன்மையின், அம்முறை இங்குச் செல்லாது.

எனினும் துணியத்தக்கன சில உள. இறக்குமதிக்கு நான்கில் ஒரு பங்கு வரி உண்டு. ஏட்டுத் தொகை வரி நீங்கிய எச்சம் எனப் பலர் கொள்வர். அங்ஙனமாயின், அவ்வொரு கலத்தின் சரக்கால் அரசு பெற்றது 23 இலட்சம் திரக்மாவாகும். யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூற்று 149ஆம் பாட்டு கூறுகிறது. பொன் சென்ற திசையில் அதுவும் பிளினியும் ஒத்துள்ளமை காண்க. பாட்டு வாணிகத்தின் போக்கை நிறுவும், அளவை நிறுவாது. முன்னோர் செல்வத்தைப் பெருக்கிக் காட்டும் ஆர்வத்தினும் இவ்வேறுபாட்டைக் காத்தலே வரலாற்றுக்கு ஆக்கம் தரும்.