தெரணியகலைத் தோட்டங்களும் காயச் சட்டமும்

குடிகளின் உடலுக்கு ஊறு நேராமற் காத்தல் அரசின் முதற்கடனாகும். இக்கடன் இலங்கையிற் சட்டமாகிய வரலாற்றையும், அச்சட்டம் தோட்டத் தொழிலாளரை எத்துணை சென்றடைந்தது என்பதையும் தெரணியகலையை முன்வைத்து ஆராய்தல் தகும்.

சப்பிரகமுவையிலுள்ள தெரணியகலை, முன்னர்க் கண்டியரசுக்கு உட்பட்டிருந்தது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை, தன் ஆறாம் பிரிவால் உடல்வதையையும் உறுப்புச் சிதைப்பையும் ஒழித்தது. அது விலக்கியது ஆள்வோர் இழைத்த ஊறு. ஒருவர் பிறருக்கு இழைக்கும் ஊற்றைப் பிரித்து வரையறுத்தது, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவையாகும். 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவிய இக்கோவை, 1885ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

உடல்நோவு, நோய், தளர்ச்சி என்பவற்றை உண்டாக்குதல் காயம். கண்ணிழத்தல், செவியிழத்தல், எலும்பு முறிதல் முதலியன கடுங்காயம். வேண்டுமென்றே காயம் விளைத்தவனுக்கு ஓராண்டு வரையும், கடுங்காயம் விளைத்தவனுக்கு ஏழாண்டு வரையும் சிறை உண்டு. வெட்டுங் கருவியாற் செய்யின் அவை முறையே மூன்றாண்டும் பத்தாண்டுமாக உயரும். கவ்வாத்துக் கத்தியும் பால்வெட்டுங் கத்தியும் நாடோறும் கையாளப்படும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று.

சட்டம் துரையென்றும் தொழிலாளியென்றும் பிரித்துப் பேசவில்லை. வழக்காடும் வலிமையோ இருவர்க்கும் ஒத்திருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி சிறைக்கும் ஆளாகலாம். 1920களின் தொடக்கத்தில் அத்தண்டனை நீங்கும்வரை, அவன் நீதிமன்றத்தை முறையிடுமிடமாகவன்றித் தண்டிக்குமிடமாகவே கண்டிருத்தல் இயல்பே.

இருபது நாள் கடும் நோவுற்றிருத்தலும், அத்துணை நாள் வழக்கமான தொழிலைச் செய்ய இயலாமையும் கடுங்காயத்தின் பாற்படும். நாட்கூலி பெறுவோர்க்கு இவ்விருபது நாள் இருபது நாட் பசியுமாகும். புண் ஆறுமுன் கொழுந்தெடுக்கச் செல்பவள் உணவுக்கு வழி தேடுகிறாள். தொழில் செய்ய இயலவில்லை என்னும் சான்றை இழக்கிறாள். மருத்துவர் உடனே பரிசோதித்து எழுதும் அறிக்கை ஆண்டு இன்றியமையாததாகிறது.

2013ஆம் ஆண்டு யூலையில், தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். வன்முறை எளியோரை மட்டும் தீண்டுவதன்று. சட்டத்தின் சொல் எல்லார்க்கும் பொதுவாயிருத்தல் போதாது. முறையிடும் வழியும் சான்று காட்டும் வழியும் பொதுவாதல் வேண்டும். அன்றே அச்சட்டம் நீதியென்னும் பெயர்க்கு உரித்தாகும்.