மக்கும் பிளாஸ்டிக்கின் தொடர் மறுசுழற்சி

பயன்படுத்திய மக்கும் பிளாஸ்டிக்கைக் கழுவி, அரைத்து, உருக்கிக் குருணையாக்கி மீண்டும் வார்ப்பது இயந்திரவழி மறுசுழற்சி. ஒரே பொருளைப் பலமுறை இப்படி உருக்கினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சுற்றுக்குச் சுற்று குட்டையாகி, பொருள் வலுவிழக்கும். இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டது பாலிலாக்டிக் அமிலம் (பி.எல்.ஏ.). மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து இது தயாராகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் நகரில் 2002இல் இதற்கெனப் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. குளிர்பானக் குவளைகள், உணவுத் தட்டுகள், முப்பரிமாண அச்சு இழைகள் ஆகியவை இதன் முக்கியப் பயன்கள்.

பி.எல்.ஏ. சங்கிலியை இணைத்து நிறுத்துபவை எஸ்டர் பிணைப்புகள். நீரால் அறுபடுவது இவற்றின் இயல்பு. உரக்கிடங்கில் இப்பொருள் மக்குவதற்கும், உருக்கும் எந்திரத்தில் சீக்கிரம் கெடுவதற்கும் முக்கியக் காரணம் இதுவே. வார்ப்புக்கு ஏறத்தாழ 180 முதல் 220 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அந்தச் சூட்டில் குருணையில் தங்கிய ஈரம் பிணைப்புகளை வெட்டுகிறது; வெட்டுண்ட முனையில் உருவாகும் அமிலத்தொகுதி அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. எக்ஸ்ட்ரூடர் எனப்படும் அந்த உருக்கும் எந்திரத்தின் திருகு தரும் அழுத்தமும் உராய்வும் தம் பங்குக்குச் சங்கிலிகளை முறிக்கின்றன. ஆகவே உருக்கும் முன் ஈரத்தை 0.025 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு: சுமார் 60 பாகையைத் தாண்டியதும் படிகமாகாத பி.எல்.ஏ. துண்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, உலர்த்தும் தொட்டியிலேயே கட்டியாகிவிடும். குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்த வேண்டும், அல்லது முதலில் படிகமாக்க வேண்டும். அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

சிதைவு முதலில் தெரிவது உருகலில்தான். புதிய பி.எல்.ஏ. எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து இழுவையான கயிறாக வந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து வெட்டியைச் சேரும். பல சுற்று கண்டதோ கஞ்சிபோல் நீர்த்து, வழியிலேயே அறுந்துவிழும். வார்த்த பொருளில் மஞ்சள் நிறம் ஏறும். குட்டைச் சங்கிலிகள் எளிதில் அடுக்கமைவதால் படிகத்தன்மை கூடும்.

விறைப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருப்பதுதான் ஏமாற்றம் தருவது. ஏழு முறை இஞ்செக்‌ஷன் மோல்டிங் செய்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், விறைப்பைக் காட்டும் இழுவிசைக் குணகம் மாறவில்லை. முறியும் வலுவும் முறிவதற்கு முன் நீளும் அளவும் குறைந்து, பொருள் நொறுங்கும் தன்மையதாயிற்று. விறைப்பை மட்டும் சோதித்துத் தரச்சான்று தருவது தவறு.

பி.எச்.பி. என்னும் பாக்டீரியாவழிப் பிளாஸ்டிக்கின் நிலை இன்னும் மோசம். சுமார் 175 பாகையில் உருகும் அது, அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவுக்கு நீர் வேண்டாம் என்பதால், எவ்வளவு உலர்த்தினாலும் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது.

அறுந்த முனைகளை மீண்டும் இணைக்கும் எபாக்சி வகைச் சேர்மங்களும், புதுக் குருணை கலப்பதும் ஓரளவு கைகொடுக்கும். சேர்மம் மிகுந்தால் உருகல் கூழ்க்கட்டி தட்டும்.

பெட் பாட்டில்களோடு பி.எல்.ஏ. கலந்துவிடுவது தனித் தொல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. அடர்த்தி 1.38, 1.24 என வேறுபட்டாலும் இரண்டுமே நீரில் மூழ்குவதால் மிதவைத் தொட்டி இவற்றைப் பிரிக்காது. அகச்சிவப்புக் கதிர் கொண்டு இனம்பிரிக்கும் கருவி வேண்டும். பெட்டை உலர்த்தும் சூட்டில் பி.எல்.ஏ. இளகி ஒட்டும், பெட் உருகும் 250 பாகையில் சிதைந்து மொத்தச் சரக்கையும் கெடுக்கும்.

மறுசுழற்சியில் குட்டையான சங்கிலிகள் உரமாக்கலில் விரைவாக நீர்ச்சிதைவடையும். கூடிய படிகத்தன்மை அதைச் சற்றே தாமதப்படுத்தும். எப்படியாயினும், சுமார் 58 பாகை வெப்பம் நிலைக்கும் ஆலை உரக்கிடங்கு தேவை. வீட்டுக் குப்பைக்குழியில் பி.எல்.ஏ. எளிதில் மக்காது.

ஆலையிலேயே மிஞ்சும் சுத்தமான வெட்டுத்துண்டுகளைச் சில முறை உருக்கிப் பயன்படுத்தலாம். உணவுக்கறை படிந்ததையும் பல சுற்று கண்டதையும் மறுபடி உருக்குவதில் பயனில்லை. உணவுக்கறை படிந்தது உரக்கிடங்குக்கும், கழுவி எடுத்த பழைய சரக்கு நீராற்பகுத்து லாக்டிக் அமிலமாக மீட்கும் ஆலைக்கும் போவதே முறை.